ட்ரெபிள் பத்தில்

ஜனவரி 9

ரேடியோக்காரிக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. வேறு எப்படி ஆரம்பித்தாலும் கரண்ட் ஆபீஸுக்கு மனு எழுதுகிற மாதிரியே வந்தது. பொறுத்துக்கொள்.

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள். கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்ணை இன்னும் பாப்பா என்கிறேன் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்வாள். சொல்லிவிடாதே.

‘இனிமே வராதீங்க’ என்று நீ சொன்ன பிறகு நான் வரவும் இல்லை, எழுதவும் இல்லை. இப்போதும் அந்தப் பேச்சை எடுக்க எழுதவில்லை. கிதார் ஆம்ப் விஷயம்.

மழைக்காலத்திலிருந்தே அது மந்தமாகிவிட்டது. கம்பளியைப் போர்த்திவிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. விரல் படுகிறது, சத்தம் வருகிறது, சத்தத்தின் நுனி மட்டும் வருவதில்லை. கீச்சைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகைப் பத்து வரைக்கும் திருப்பிவிட்டேன். அதற்கு மேல் எண் இல்லை. தினமும் சாயங்காலம் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் மேடை ஏறுகிறவன் நான். இப்படியே போனால் வேலைக்கே வேட்டு வைத்துவிடும்.

உன்னிடம் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் நீ சொருகிக் கொடுத்த வயரில் வாசித்தே பழகிவிட்டேன். போன வாரம் மேடையைக் கழுவுகிறேன் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். காலால் மிதிக்கிற பெடலில் இருக்கிற இரண்டு ஓட்டையில் கிதாருக்கு எது, ஆம்புக்கு எது? நீ தகர டப்பாவில் செய்து கொடுத்த கரகரப்புப் பெடல் முன்னால் வர வேண்டுமா, எதிரொலிப் பெடலா? கம்பியிலிருந்து கையை எடுத்தால் உறுமுகிறது, தொட்டால் நின்றுவிடுகிறது. அது கோளாறா? ஆம்புக்குப் பின்னால் ஆறேழு திருகாணி இருக்கிறது. கழற்றி உள்ளே தூசு தட்டலாமா?

போனில் கேட்டிருக்கலாம். இங்கே ரிசப்ஷனில் ஒரே போன்தான். அதில் யார் பேசினாலும் தலையணைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. நீ பாதியில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உண்டு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

*

ஜனவரி 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் வேலையாக, அந்தத் திருகாணிகளிடம் போகாதீர்கள். அது கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும். தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். கை ஊறினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பெடலைத் திறந்து பார்க்கலாம். அது சின்ன பேட்டரி, ஒன்றும் செய்யாது.

பெடல் உங்கள் காலுக்கு நேராக இருக்கும்போது வலது ஓட்டை கிதாருக்கு, இடது ஆம்புக்கு. முதலில் கரகரப்பு, பிறகு எதிரொலி. மாற்றிப் போட்டால் எதிரொலி எல்லாம் சேர்ந்து கரகரத்துச் சகதியாகிவிடும். கம்பியைத் தொட்டதும் உறுமல் நிற்கிறது என்றால் கிதாருக்குள் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அது கோளாறு இல்லை.

மந்தத்துக்குக் காரணம் பல இருக்கலாம். நீளமான கேபிள் கீச்சு ஒலியை வழியிலேயே கசிய விடும். கிதாரில் வால்யூமைக் குறைத்தாலும் கீச்சுதான் முதலில் போகும். கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விலக்கிப் பார்ப்பது. பெடல் இல்லாமல் நேராகச் சொருகுங்கள். பிறகு வேறு கேபிள். பிறகு வேறு ஆம்ப். மந்தம் எதோடு போகிறதோ அதுதான் குற்றவாளி. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ரேடியோ நிலையத்தில் எங்கள் ரிப்பேர் அறையை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இருக்கிறது, சால்டர் புகை வெளியே போகிறது, மாடிப்படி மட்டும் முழங்காலுக்கு எதிரி. மற்றபடி சுகம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். போன மாதம் பாப்பா உங்களுக்குப் போன் செய்தாள். ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்று கேட்டதற்கு ‘சனிக்கிழமை’ என்று பதில் சொன்னீர்களாம். அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்மேல் இருக்கிற வருத்தம் என்னோடு இருக்கட்டும். அவள் பேசும்போதாவது காது கொடுத்துக் கேளுங்கள்.

பாப்பாவின் அம்மா

*

ஜனவரி 28

ரேடியோக்காரிக்கு,

நீ அப்படிக் கூப்பிடாதே என்று எழுதவில்லை. அதனால் தொடர்கிறேன்.

சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். முதல் நாள் பெடல் இல்லாமல். மந்தம் போகவில்லை. மறுநாள் கீபோர்டுக்காரரிடம் புத்தம்புது கேபிள் வாங்கிப் போட்டேன். போகவில்லை. அதற்கடுத்து அவருடைய ஆம்பிலேயே சொருகிப் பார்த்தேன். நீ நம்ப மாட்டாய், அதுவும் மந்தம். இந்த ஊர்க் கரண்டுக்கே ஏதோ சீக்கு என்று நினைக்கிறேன். கீபோர்டுக்காரர் தன் ஆம்புக்கு ஒன்றும் இல்லை என்று சாதிக்கிறார். சொந்தப் பொருளை யார்தான் குறை சொல்வார்கள்.

தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே நீ பேனாவால் எழுதின அம்புக்குறி இன்னும் அழியவில்லை. வெற்றிலைப்பாக்குக் கடையில் மிட்டாய் கொட்டி வைத்த மாதிரி சின்னச் சின்னதாக என்னென்னவோ இருக்கின்றன. பட்டை போட்டது ரெசிஸ்டர் என்று ஞாபகம். மற்றதெல்லாம் கெப்பாசிட்டரா? அது கரண்டைச் சேர்த்து வைக்கும் என்றாய். பெடலில் எதற்கு?

இன்னொரு சந்தேகம், இதையும் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்காதே. ஆம்பை அணைத்துவிட்டு அறைக்கு வந்து படுத்த பிறகும் மெல்லிய விசில் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கும் என்று எழுதியிருந்தாயே, அதுதானா? மேடைக்கும் என் அறைக்கும் நடுவில் சலவைக்கூடம் இருக்கிறது. அதைத் தாண்டியும் வருகிறது. சலவைக்கூடத்தில் முன்பு கீச்கீச்சென்று உயிரை எடுக்கிற மிஷின் ஒன்று இருந்தது. அதை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, இப்போது அமைதி.

எங்கள் குழுவில் பாடுகிற அம்மாவுக்கு என்மேல் என்ன கோபமோ. ஆம்பைத் தன் பக்கம் திருப்ப வேண்டாம், காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார். மந்தமான ஆம்ப் எப்படி ஊசி குத்தும்? மேனேஜரிடமும் சொல்லிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது.

பாப்பாவிடம் லைன் சரியில்லை என்று சொல். காது கொடுக்காமல் இல்லை. அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. இரண்டு தரம் ‘என்னம்மா’ என்று கேட்டேன். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பாப்பாவின் அப்பா

*

பிப்ரவரி 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டது எதுவும் சின்னப்பிள்ளைத்தனம் இல்லை.

பெடலில் கெப்பாசிட்டரின் வேலை கரண்டைச் சேர்த்து வைப்பது மட்டுமில்லை. ஒலியைப் பிரிப்பதும் அதுதான். சின்ன கெப்பாசிட்டர் வழியில் உட்கார்ந்திருந்தால் கீச்சைப் போக விடும், கட்டை ஒலியைத் தடுக்கும். அதையே வழியிலிருந்து எர்த்துக்குக் கிளை பிரித்து வைத்தால், கீச்செல்லாம் அந்தக் கிளையில் வடிந்து போய், கட்டை ஒலி மட்டும் மிச்சமாகும். ட்ரெபிள், பாஸ் என்று திருகுகிறீர்களே, அதற்குள் நடப்பது இவ்வளவுதான்.

அணைத்த ஆம்ப் விசில் அடிக்காது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது ஒரு சோதனை. தகர டப்பாவையே வைத்துச் செய்யலாம். கிதாரைச் சொருகி, கிதாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். கரகரப்புப் பெடலை மிதித்து வையுங்கள். ஆம்பில் ட்ரெபிள் பத்திலேயே இருக்கட்டும், வால்யூம் பாதி. வாசிக்க வேண்டாம். ஆம்ப் பெட்டியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் மட்டும் வர வேண்டும். அது வருகிறதா, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் டிரம்ஸ்காரர் நிதானமானவரா? அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

பாப்பாவிடம் பேசினேன். அவளுக்கு இப்போது கோபம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அறையில் போர்வை போதுமா? இங்கே குளிர் அதிகம், அங்கே எப்படியோ.

பாப்பாவின் அம்மா

*

பிப்ரவரி 15

ரேடியோக்காரிக்கு,

மத்தியானம் கூடம் காலியாக இருந்தபோது சோதனை செய்தேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இரைச்சலே இல்லை. பெட்டி தூங்குகிற மாதிரி இருந்தது. பரவாயில்லையே, இவ்வளவு சுத்தமான பெடலைச் செய்திருக்கிறாளே என்று டிரம்ஸ்காரரிடம் உன்னைப் புகழ்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைக்காமல் திறந்துவிட்ட மாதிரி இரைகிறது என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவு வரைக்கும் நடந்து போய் அங்கிருந்து தலையை ஆட்டினார், இங்கேயும் கேட்கிறது என்று. பாடுகிற அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கும் கேட்டது. மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர் யாரும் கூப்பிடாமலே ‘அதை அணைங்க சார்’ என்றார்.

நான் குனிந்து பெட்டியில் காதை ஒட்டி வைத்தேன். லேசாகக் காற்று மாதிரி ஏதோ. அவ்வளவுதான்.

எல்லாருக்கும் கேட்பது எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? நான் நின்ற இடம் சரியில்லையோ? பெட்டிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா? எழுது.

பாப்பாவின் அப்பா

*

பிப்ரவரி 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் நின்ற இடம் சரிதான்.

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். மந்தம் எதோடு போகிறதோ அதுதான் என்று சொல்லியிருந்தேன். பெடலை விலக்கினீர்கள், போகவில்லை. கேபிளை மாற்றினீர்கள், போகவில்லை. வேறு ஆம்புக்கே மாறினீர்கள், கூடவே வந்தது. அது உங்களோடு வருகிறது. ஆம்புக்கு ஒன்றும் இல்லை.

காதுக்குள் ஒலியை வாங்குகிற நுணுக்கமான இழைகள் இருக்கின்றன. கீச்சை வாங்குகிறவைதான் முதலில் சேதமாகும். இத்தனை வருஷம் ஒரு பக்கம் டிரம்ஸ் தட்டு, மறுபக்கம் காது உயரத்துக்கு ஸ்பீக்கர் என்று நின்றிருக்கிறீர்கள். அறைக்கு வந்த பிறகும் கேட்கிற விசில், நின்றுபோன சலவை மிஷின், போனில் தலையணைக் குரல், பாப்பா கேட்ட ‘சாப்பிட்டீங்களா’ எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. நான் டாக்டர் இல்லை. ஆம்ப் சரி என்று சொல்வது வரைக்கும்தான் என் வேலை. தயவுசெய்து காது டாக்டரிடம் போங்கள். அதுவரை ட்ரெபிளை ஐந்துக்குக் கொண்டுவாருங்கள். பாடுகிற அம்மா பொய் சொல்லவில்லை.

இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. வேலை செய்கிற இடத்தில் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கடைசி வருஷங்களில் நான் சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவேன், நீங்கள் திரும்ப மாட்டீர்கள். வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அந்த மௌனங்களை ஒன்று விடாமல் மனசில் சேர்த்து வைத்தேன். அவற்றில் எது காது, எது மனசு என்று பிரித்துப் பார்க்க இப்போது என்னிடம் எந்த மீட்டரும் இல்லை.

டாக்டரிடம் போக ஆள் துணை வேண்டுமென்றால் எழுதுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

பாப்பாவின் அம்மா

*

மார்ச் 5

உன் கடிதம் கிடைத்தது.

‘உங்க காதுல எதுவும் ஏறாது’ என்று வருஷக்கணக்கில் சொன்னாய். இப்போது சர்க்யூட் போட்டு நிரூபித்தும் விட்டாய். ஆம்பில் குறை தேடச் சொன்னேன், நீ என்னிடம் தேடியிருக்கிறாய். அது உனக்குப் புதிதில்லை.

துணைக்கு யாரும் வர வேண்டாம். இனி எதுவும் கேட்க மாட்டேன்.

*

ஏப்ரல் 12

ரேடியோக்காரிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பதில் போடுகிற மாதிரி நான் எழுதவும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பதற வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மார்ச் கடைசியில் ஒருநாள், கூடம் நிறைய ஆட்கள். பாட்டு இடைவெளியில் நான் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். பிடிவாதமாக ட்ரெபிள் பத்தில்தான் வைத்திருந்தேன். டிரம்ஸ் நின்ற மாதிரி இருந்தது. நான் வாசிப்பதற்கு இடம் விடுகிறார் என்று நினைத்து இன்னும் வாசித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

கண்ணைத் திறந்தால் கூடத்தில் ஒருவர் இல்லை. மேஜையில் பாதி சாப்பிட்ட தட்டு, கவிழ்ந்த நாற்காலி, தரையில் ஒரு குழந்தையின் செருப்பு. அடுப்படியிலிருந்து புகை. டிரம்ஸ்காரர் என் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தீ அலாரம் சிவப்பாக விட்டு விட்டு எரிந்தது. அது ஊரையே எழுப்புகிற கீச்சுச் சத்தமாம். எல்லாரும் அதைக் கேட்டுத்தான் ஓடியிருக்கிறார்கள். அவர் வெளியே போய்த் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்காகத் திரும்பி வந்திருக்கிறார். அவருக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

எண்ணெய்ச் சட்டி ஒன்று பற்றியது, சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தை நினைத்தேன்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பித்தானை அழுத்துங்கள் என்றார்கள். நீண்ட நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே சோதனை செய்கிற பெண் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், மேடையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். காதுக்கு மிஷின் கொடுத்தார். இதுவும் ஒரு சின்ன மைக், ஒரு சின்ன ஆம்ப், ஒரு சின்ன ஸ்பீக்கர்தான் என்று அவர் விளக்கினார். தெரியும் டாக்டர், எங்கள் வீட்டில் இதைச் செய்கிறவள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ‘எங்கள் வீட்டில்’ என்று வாயில் வந்துவிட்டது. திருத்தவில்லை.

அதை மாட்டிக்கொண்டு கிதாரைத் தொட்டேன். தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கழற்றிவிட்டேன். பழகப் பழகச் சரியாகும் என்கிறார்கள். பார்ப்போம்.

பாடுகிற அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மழைக்காலத்திலிருந்தே என் பக்கத்துக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பாடினாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். ஸ்டோரில் உட்காரச் சொன்னார் மேனேஜர், நல்ல மனுஷன். மேடை தெரிகிற இடத்தில் உட்கார்ந்து வெங்காய மூட்டைக்குக் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

எது காது, எது மனசு என்று கேட்டிருந்தாய். நீ சமையல்கட்டிலிருந்து பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்ட பாதிக்கும் நான் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை.

வரட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, அந்தப் பேச்சை மறுபடி எடுக்க மாட்டேன். கடிதம் எதுவும் வரவில்லை என்றால் மாதக் கடைசியில் பஸ் ஏறுவேன், முப்பதாம் தேதி சாயங்காலம் அங்கே வந்து சேரும். சரி என்று உன் கையால் எழுதச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன்.

பாப்பாவின் அப்பா

*

ஏப்ரல் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போட்ட ஏற்பாட்டின்படி இந்த உறையைப் பார்த்ததுமே உங்கள் முகம் சுருங்கியிருக்கும். முழுவதும் படியுங்கள். மனுஷர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் கடிதம் எழுதுவதில்லை.

உங்களுக்கு நான் பதில் போடாதது கோபத்தால் இல்லை. எழுதினால் இன்னும் காயப்படுத்திவிடுவேனோ என்று கை வரவில்லை. அலாரம் விஷயத்தைப் படித்துவிட்டு ரிப்பேர் அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சால்டரிங் கம்பி மேஜையைக் கருக்கிய பிறகுதான் பார்த்தேன். அந்த டிரம்ஸ்காரருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

வாருங்கள். சில விஷயங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன் அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைக்கவில்லை, நீங்களும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். பழையபடி ஆவதில் எனக்கு விருப்பமும் இல்லை. எத்தனை நாளைக்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டாம். நான் எதிரே வந்து நின்றுதான் பேசுவேன். எதிரே வராமல் நான் பேசினால் பதில் சொல்ல வேண்டாம். என் வழக்கம் மாற நாள் ஆகும்.

மிஷினில் கிதார் தகரமாகக் கேட்பது எதிர்பார்த்ததுதான். அது பேச்சுக்காக அமைத்தது. அதைக் கொண்டுவாருங்கள். எனக்கும் அதைப் பற்றி அதிகம் தெரியாது. இந்த முறை கேள்வி கேட்கப்போவது நான். ஆம்பை லாரியில் போடும்போது நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், வால்வு உடையும்.

பாப்பா லீவு கேட்டிருக்கிறாள், கிடைக்குமா தெரியவில்லை. அதனால் நான் மட்டும் வருவேன். பஸ் நிலையத்தில் இரைச்சல் அதிகம். அந்த இரைச்சலில் மிஷின் மாட்டினால் தலை வலிக்கும், கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். நான் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், கை தட்ட மாட்டேன். பஸ்ஸின் முன்படியில் இறங்குங்கள். இறங்கினதும் முதலில் எந்தப் பக்கம் பார்ப்பீர்களோ, அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

பாப்பாவின் அம்மா